குறுக்கே ஓடிய மஞ்சள்

கீரை விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்கு இன்னும் அறுபத்தாறு மணி நேரம் இருந்தது. கூட்டம் வெள்ளிக்கிழமை காலை பத்துக்கு. இப்போது செவ்வாய்க்கிழமை மாலை நான்கு. மண் ஆய்வகத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய இளையவள் வரப்பில் கால் வைப்பதற்கு முன்பே மூத்தவளின் குரல் காதில் விழுந்தது. அக்கா கத்த ஆரம்பித்தால் பக்கத்து வயல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அன்றைக்கு மூன்று வயல்களில் வேலை நின்றிருந்தது.

"டேங்க்கைக் கழுவாம மருந்தடிச்சிருக்கே! களை மருந்து மிச்சம் கிடந்த டேங்க்ல புழு மருந்தை ஊத்தி என் கீரை மேல அடிச்சிருக்கே! இல்லேன்னா இந்த மஞ்சள் எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்து கொட்டுச்சா?"

எதிரே நின்றவள் அசையவில்லை. ஐம்பதைத் தாண்டிய குட்டையான பெண். பதினாறு லிட்டர் தெளிப்பானைச் சுமந்து சுமந்து, முதுகில் அது இல்லாத நேரத்திலும் சற்று முன்னால் சாய்ந்தே நடப்பாள். அவளுக்கு டேங்க் என்று யார் பெயர் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவளே "டேங்க் வந்திருக்கேன்" என்றுதான் சொல்வாள்.

"மூணு தடவை கழுவினேன்" என்றாள் டேங்க். "முதல்ல வெறும் தண்ணி. ரெண்டாவது சோப்புத்தூள். மூணாவது மறுபடி தண்ணி. இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் கழுவுறேன். நான் சாப்பிடுற தட்டைக்கூட ஒரு தடவைதான் கழுவுவேன்."

பக்கத்து வயலில் யாரோ சிரித்தார்கள். அக்காவுக்கு இன்னும் ஏறியது.

"வாய் நீளுது பாரு உனக்கு."

"நேத்து வரைக்கும் என்னை வாங்க, போங்கன்னே. இன்னைக்கு நீ, வா, போ. இலை மஞ்சளானா மரியாதையும் மஞ்சளாயிடுமா முதலாளியம்மா?"

இளையவள் இருவருக்கும் நடுவே போகவில்லை. அவளால் முடியாத காரியம் அது. மூன்று பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். பாத்தியோரம் குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள்.

விதைத்து முப்பத்திரண்டு நாளான தண்டுக்கீரை. முழங்காலைத் தாண்டியிருக்க வேண்டியது ஒரு சாண்கூட இல்லை. அடியில் இருந்த பழைய இலைகள் ஓரளவு பச்சையாகத்தான் இருந்தன. நுனியில் வந்த புது இலைகள்தான் சிறுத்துப் போய், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன. நரம்பு மட்டும் பச்சை. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே வெளிறிய மஞ்சள். தண்டு நீளாததால் இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பாடப்புத்தகத்தில் இந்தப் படம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது. துத்தநாகக் குறை. களை மருந்து பட்டாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஏறக்குறைய.

"ஒரு நிமிஷம் இங்க வந்து நின்னு பாரு" என்று டேங்க் கையை நீட்டினாள். "நான் மருந்தடிக்கிறப்போ பாத்தியோட நீளத்துக்குப் போறவ. இந்தக் கோடியில ஆரம்பிச்சா அந்தக் கோடியிலதான் மூச்சு விடுவேன். என் மருந்துல கோளாறுன்னா மஞ்சளும் நீளத்துக்குத்தானே போகணும்? உன் வயல்ல குறுக்கால ஓடுது. மேல் பக்கம் பூரா மஞ்சள், கீழ்ப் பக்கம் பூரா பச்சை. நான் என்ன, ஒவ்வொரு பாத்தியிலயும் பாதி தூரத்துல நின்னு டேங்க்கைக் கழுவினேனா?"

அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. மேல்கோடியிலிருந்து பன்னிரண்டு பாத்திகளையும் குறுக்கே வெட்டியதுபோல் மஞ்சள் ஓடிக் கிடந்தது. கண் உள்ள யாருக்கும் தெரியும். அக்காவுக்குக் கண் இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் இருந்தது.

"எனக்குப் பாடம் நடத்தாதே. வெள்ளிக்கிழமை சங்கத்துல பேசிக்கலாம். உன் அட்டையைப் பிடுங்கச் சொல்றேன்."

டேங்க்கின் முகம் அப்போதுதான் மாறியது. சங்கம் கொடுத்த மருந்தடிப்பு அட்டை இல்லாமல் சங்கத்தில் உள்ள எந்த வயலிலும் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது. அந்தப் பக்கத்தில் சங்கத்தில் இல்லாத வயல் என்று ஒன்று கிடையாது.

"அக்கா" என்றாள் இளையவள். "ஜிங்க் குறையா இருக்கலாம்க்கா."

"என்ன?"

"துத்தநாகம். மண்ணுல..."

மூத்தவள் கக்கத்தில் இருந்த பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த ஒரு தாளை எடுத்தாள். வெயிலில் உறை மின்னியது.

"இந்தா, படி. உன் ஆய்வகத்துச் சீல். உன் கையெழுத்து. துத்தநாகம் ஒன்று புள்ளி நான்கு, போதுமானது. மண்ணுல குறையில்லன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு இப்ப நீயே குறைங்கிறியா? யார் பக்கம்டி நீ?"

மூன்று வயல்களில் இருந்தவர்களும் பார்த்தார்கள். டேங்க்கும் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை, நம்பிக்கை இருந்தது. அதுதான் மோசம்.

"டாக்டரம்மா சொல்லட்டும்" என்றாள் டேங்க். மண் பரிசோதனை வேலைக்கு இளையவள் போன நாளிலிருந்து டேங்க் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். "மண்ணுக்கு டாக்டர் அவதானே. அவ சொன்னா சரி."

"அது வந்து அத்தை..." என்று ஆரம்பித்த இளையவள், கையில் இருந்த செடியின் வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே நின்றாள். வெளுத்த, சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த மண். எல்லோரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் மூத்தவள் அடங்கவில்லை. அவள் வெங்காயம் நறுக்கிய சத்தம் விறகு பிளப்பதைப்போல் கேட்டது. இளையவள் அடுப்புப் பக்கம் நின்று பாத்திரத்தைத் துடைத்தாள். துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள்.

"எல்லாரும் என்ன சொன்னாங்க? மேட்டை வெட்டாதே, மண்ணு கெட்டுப்போயிடும்னாங்க. அப்பா போன்ல அழாத குறை. நான் கேட்டேனா? புல்டோசரைக் கொண்டுவந்து மட்டம் பண்ணேன். இன்னைக்குத் தண்ணி ஒரே சீராப் பாயுது. கேலி பண்ணவன் எல்லாம் வந்து பார்த்துட்டுப் போறான். ரிப்போர்ட் வந்த அன்னைக்கு அப்பாவுக்குப் போன் போட்டு ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டினேன், தெரியுமா உனக்கு?"

தெரியும். அன்றைக்கு அடுத்த அறையில் இருந்து இளையவள் முழுவதையும் கேட்டாள். இரும்பு போதுமானது. தாமிரம் போதுமானது. துத்தநாகம் போதுமானது. ஒவ்வொரு 'போதுமான'துக்கும் அக்காவின் குரல் ஒரு படி ஏறிக்கொண்டே போனது.

மேட்டுப் பக்கத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை வழித்துப் பள்ளத்தில் கொட்டியிருந்தார்கள். பல வருடம் இலையும் எருவும் மக்கிச் சேர்ந்த மேல்மண் எல்லாம் கீழ்க்கோடிக்குப் போய்விட்டது. மேல்கோடியில் வெளியே வந்தது அடிமண். சுண்ணாம்பு மண்டிய மண்ணில் இருக்கிற கொஞ்சத் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் கட்டுண்டு கிடக்கும். அதனால்தான் மஞ்சள் குறுக்கே ஓடியது. புல்டோசர் வெட்டிய இடம் வரைக்கும் ஓடி நின்றது.

"ஒண்ணே ஒண்ணுதான் குறைவுன்னு இருந்துச்சு, மணிச்சத்து" என்றாள் மூத்தவள். "சரின்னு அதை ரெண்டு மடங்கு போட்டேன். இலை சிறுத்ததைப் பார்த்ததும் இன்னொரு தடவையும் போட்டேன். இதுக்கு மேல ஒரு மனுஷி என்ன செய்வா?"

துடைக்கும் கை நின்றுவிட்டது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கூடக் கூடச் செடிக்குள் துத்தநாகம் இன்னும் குறையும். கல்லூரியில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி இளையவள் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, ஒரு நாலு பாத்திக்கு மட்டும் ஜிங்க் சல்பேட் அடிச்சுப் பார்ப்போமா? லிட்டருக்கு அஞ்சு கிராம். கூடக் கொஞ்சம் நீத்த சுண்ணாம்பு, இலை கருகாம இருக்க."

"எதுக்கு?"

"பார்க்கலாமேன்னு."

"எதுக்குடி? காரணத்தைச் சொல்லு."

காரணம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வெளியே வரும்.

"சும்மாதான்."

"சும்மா பார்க்க என் வயல் என்ன கண்காட்சியா? நீ கொஞ்சம் பேசினாலும் உருப்படியா பேசு. இல்லேன்னா வழக்கம்போல பேசாமலே இரு."

இன்றைக்கே அடித்தாலும் புது இலை பச்சையாகத் துளிர்க்க எட்டுப் பத்து நாள் ஆகும். வேறு ஆய்வகத்துக்கு மண்ணை அனுப்பினால் முடிவு வர இரண்டு வாரம். வெள்ளிக்கிழமைக்குள் டேங்க்குக்காகச் சாட்சி சொல்ல இலைக்கும் முடியாது, மண்ணுக்கும் முடியாது.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது இளையவள் தன் கோபம் முழுவதையும் ஒரே ஆளுக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் ஆய்வகத் தலைவர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'அடுத்த வாரம்' என்பார்கள்.

பின்னறையில் உலோகங்களை அளக்கும் கருவி இருந்தது. ஒவ்வொரு உலோகத்துக்கும் அதற்கென்று தனி விளக்கு வேண்டும். இரும்பின் விளக்கைக் கொண்டு தாமிரத்தை அளக்க முடியாது. விளக்குகள் வைத்த பெட்டியில் மூன்றாவது குழி காலி. அங்கே பஞ்சு மட்டும் இருந்தது. துத்தநாக விளக்கு இரண்டு நாள் மினுக்கிவிட்டு அணைந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. புது விளக்கு எப்போது வரும் என்று யார் கேட்டாலும் தலைவரிடம் ஒரே பதில்தான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

"சார், ஜிங்க் லேம்ப் எப்போ வரும்?"

அவர் நிமிராமல் சொன்னார். "அடுத்த..."

"வாரம். தெரியும் சார். எந்த வருஷத்து அடுத்த வாரம்?"

குடுவை கழுவிக்கொண்டிருந்த பெண் குழாயை மூடினாள். இந்த ஆய்வகத்தில் இளையவளின் குரல் அந்த அளவுக்கு எழும்பி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

"ஏழு மாசமா விளக்கு இல்ல. நாம பாட்டுக்கு மண்ணை வாங்கி வைக்கிறோம். சீல் குத்தி அனுப்புறோம். வாங்கிட்டுப் போறவங்க அதை வேதவாக்கா நினைச்சு உரம் போடுறாங்க. கீரை பூரா மஞ்சளாகி நிக்குது சார். அதுக்கு யாரைப் பிடிச்சிருக்காங்க தெரியுமா? மருந்தடிக்கிற ஒரு பொம்பளையை. இருபத்திரண்டு வருஷமா செஞ்ச தொழில் நாளை மறுநாள் போயிடும். ஒரு விளக்கு! கை நீளம்கூட இல்லாத ஒரு விளக்கு! அதை வாங்க உங்களுக்கு ஏழு மாசம் போதல!"

பேசி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லேம்ப் விஷயத்துல என்னைத் திட்டலாம்மா. தப்பு என்னோடதுதான். எட்டுக் கடிதம் எழுதினேன், நேர்ல போய்ச் சண்டை போட்டிருக்கணும், போடல." அலமாரியைத் திறந்து ஒரு கோப்பைப் புரட்டி அவள் பக்கம் திருப்பினார். "ஆனா இதையும் படிங்க."

ஏழு மாதத்துக்கு முந்தைய சுற்றறிக்கை. துத்தநாகம் சோதிக்கப்படவில்லை, மறு அறிவிப்பு வரும் வரை அறிக்கையில் அந்தக் கட்டத்தில் கோடு இடவும். கீழே ஊழியர்களின் கையெழுத்துகள். மூன்றாவது அவளுடையது.

"கோடு போடச் சொன்னேன்ல? எல்லா ரிப்போர்ட்டும் கோடோடதான் போகுது. கோட்டைப் பார்த்துட்டு நாலஞ்சு பேர் என்கிட்டயே வந்து கத்திட்டுப் போயிருக்காங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "உங்க அக்கா ரிப்போர்ட்லயும் கோடுதானே இருக்கு?"

குழாய் மறுபடி திறந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"பார்க்கணும் சார்" என்றாள் இளையவள்.

அன்று நாற்பத்தொரு மாதிரிகள். மண்ணைச் சலித்தாள், நிறுத்தாள், கரைத்தாள், வடிகட்டினாள். காலையில் அவர் தலையில் கொட்டிய கோபத்துக்கு இப்போது போக்கிடம் இல்லை. சங்கத்தின் மேல் திருப்பிப் பார்த்தாள். சங்கத்துப் படிவத்தில் மண் விவரத்துக்குப் பதினொரு கட்டங்கள். ஒன்று நிரப்பாமல் இருந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பருவத்துக்கு விதை கிடையாது. அக்காவின் அறிக்கை தயாரான நாளில் காலையில் மட்டும் அவள் நான்கு முறை போன் செய்தாள். ரிப்போர்ட் ஆச்சா, ஆச்சா, ஆச்சா. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில்... இந்த இடத்தில் அவள் தனக்குள்ளேயே பேச்சை நிறுத்திக்கொண்டாள். அறிக்கைகளுக்குக் குத்தும் சீல் அவளுடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அன்று முழுவதும் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்ததும் டேங்க்கின் வீட்டுக்குப் போனாள். உரக் கிடங்குக்குப் பின்னால் ஒரே அறை. வாசலில் தெளிப்பான் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் அதன் குழாய், கைப்பிடி, மூடி, மூக்கு எல்லாம் தனித்தனியாகக் கழற்றிக் கோணியின் மேல் வரிசையாகப் பரப்பியிருந்தது.

"வா டாக்டரம்மா. பிணத்தைப் பார்க்க வந்தியா?"

"அத்தை..."

"உட்காரு. நாற்காலி ஒண்ணுதான். நான் நின்னே பழகினவ."

டேங்க் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. அறைக்குள் நடந்துகொண்டே பேசினாள். இன்று காலையிலிருந்து நான்கு பேர் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒருத்தர் நேரில் வந்து சொன்னார். மற்ற மூன்று பேரும் போனிலேயே முடித்துக்கொண்டார்கள்.

"ஒருத்தன் சொல்றான், 'உங்க மேல நம்பிக்கை இருக்கு, ஆனா டேங்க் மேல இல்ல'ன்னு. நான் வேற, டேங்க் வேறயாடா முட்டாளேன்னு கேட்டேன். போனை வெச்சுட்டான்."

இளையவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டேங்க்கும் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்த தெளிப்பானைக் காலால் லேசாகத் தட்டினாள்.

"நேத்து ராத்திரி பூரா அந்த நாளை ஓட்டிப் பார்த்தேன். களை மருந்தடிச்சுட்டு வந்தேன். வெறும் தண்ணி ஊத்தினேன். சோப்புத்தூள் போட்டேன். அப்புறம் மூணாவது தடவை... பக்கத்து வீட்டுல கூப்பிட்டாங்க. போயிட்டு வந்து ஊத்தினேனா, ஊத்தாமலே கவுத்துட்டேனா? முந்தாநேத்து கேட்டிருந்தா சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருப்பேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

"இல்ல அத்தை, நீங்க கழுவியிருப்பீங்க."

"இருப்பீங்க!" டேங்க் திரும்பினாள். அப்போதுதான் அவளுடைய கோபம் முழுசாக இளையவள் மேல் விழுந்தது. "இருப்பீங்கன்னு இங்க வந்து சொல்றே. வயல்ல ஏன் வாயைத் திறக்கல? மஞ்சள் குறுக்கால ஓடுதுன்னு நான் கத்தினேனே, படிச்ச பொண்ணு நீ, ஆமாம்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேய்ஞ்சிடுமா? சரி, சொல்லல. ஏன் சொல்லலன்னு யோசிச்சேன். பேப்பர்ல மண்ணு சரின்னு இருக்கு. பேப்பரை எழுதினவ நீ. நீ பொய் எழுதுற பொண்ணு இல்ல. அப்போ மிச்சம் இருக்கறது யாரு? நான்தானே?"

இளையவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டேங்க் அலமாரியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "பக்கத்து வீட்டுல எழுதி வாங்கினேன். சங்கத் தலைவர் ஆள் விட்டுச் சொன்னார். தப்பை ஒத்துக்கிட்டா அட்டையை ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்களாம். ஒத்துக்கலேன்னா ஒரேயடியா ரத்து. நீ படிச்சவ. பிழை கிழை இருக்கான்னு பாரு."

இளையவள் படித்தாள். களைக்கொல்லி பயன்படுத்திய பிறகு தெளிப்பானை நான் சரியாகக் கழுவவில்லை. அதனால் கீரைப் பயிர் பாதிக்கப்பட்டது. இனி இப்படி நடக்காது. மன்னிக்கவும். நான்கு வரி. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போடவேண்டும்போல் இருந்தது. இந்த அறையையும், இந்த ஒற்றை நாற்காலியையும், தன்னையும் சேர்த்து எதையாவது கிழிக்கவேண்டும்போல் இருந்தது. இரண்டு நாளாக அவள் யார் யார் மேலோ கோபப்பட்டுக்கொண்டு திரிந்தாள். அந்த இரண்டு நாளில் இங்கே ஒருத்தி, கழுவிய டேங்க்கைக் கழுவவில்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கையெழுத்துப் போடாதீங்க அத்தை."

"ஏன்?"

"நாளைக்கு நான் வரேன்."

"வந்து?"

"உன் அக்கா பக்கத்துல உட்காரவா?" என்று டேங்க் மறுபடி கேட்டாள். தாளை மேசையில் வைத்துவிட்டு இளையவள் எழுந்து போனாள். வாசலில் பரப்பியிருந்த மூடியை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கீரைக் கட்டுகள் கட்டும் கொட்டகைக்கு மேலே இருந்த கூடம் நிரம்பிவிட்டது. சங்க வேலைக்கு ஒருநாளும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சிலர் கீரை அடுக்கும் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். கீழே கட்டுகளின் மேல் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூத்தவள் ஐந்து மஞ்சள் செடிகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். பிறகு அறிக்கையை எடுத்துச் சங்கத் தலைவரின் முன்னால் வைத்தாள். பயப்படாமல் பேசினாள்; அவளுக்குப் பேச வரும்.

"முப்பத்தஞ்சு நாள் உழைப்பு. இன்னும் ஒரு வாரத்துல அறுத்திருப்பேன். தண்ணியில குறையில்ல, விதையில குறையில்ல. மண்ணுல குறையில்லன்னு ஆய்வகத்துச் சான்று இருக்கு. மிச்சம் மருந்துதான். இதுல நான் யார் மேலயும் பழி போடல. கணக்குப் போட்டுப் பார்த்தா விடை அங்கதான் வந்து நிக்குது."

சங்கத் தலைவர் அறிக்கையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். தாள் கைமாறிக்கொண்டே போனது. வாங்கிய ஒவ்வொருவரும் சீலைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள்.

"டேங்க், நீங்க என்ன சொல்றீங்க?"

டேங்க் எழுந்தாள். முதுகில் சுமை இல்லாமலே முன்னால் சாய்ந்து நின்றாள். இடுப்புப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"நான் என்ன சொல்ல..." என்று ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை மூன்று வயலுக்குக் கேட்ட குரல் இப்போது முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. "வயசாகுது. மறந்திருப்பேன் போல. இதுல எழுதி..."

"அத்தை, உட்காருங்க."

பின்வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. இளையவள் எழுந்து நின்றிருந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. அறுபது முகங்கள் திரும்பின.

"நீங்க யாரும்மா?" என்றார் சங்கத் தலைவர்.

"ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவ."

"சத்தமா பேசு" என்று யாரோ சொன்னார்கள்.

"அதுல கையெழுத்துப் போட்டது நான்!" இந்தத் தடவை கீழே தண்ணீர் தெளிப்பவர்களுக்கும் கேட்டது. "மண்ணுலதான் குறை. துத்தநாகக் குறை. மேல்மண்ணை வழிச்ச இடத்துல மட்டும் மஞ்சளாயிருக்கு. யார் வேணும்னாலும் போய்ப் பாருங்க. அத்தை சொன்னாங்க, குறுக்கால ஓடுதுன்னு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் குனிஞ்சு பார்த்திருந்தா போதும். யாரும் பார்க்கல. எல்லாரும் இந்தத் தாளைத்தான் பார்த்தீங்க. அத்தை டேங்க்கைக் கழுவினாங்க. மூணு தடவை கழுவினாங்க."

"ஏய், உட்காரு" என்றாள் மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வீட்டுல பேசிக்கலாம்."

"எங்க ஆய்வகத்துல துத்தநாகம் அளக்குற விளக்கு எரிஞ்சு போய் ஏழு மாசமாச்சு."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. சங்கத் தலைவர் அறிக்கையைத் திரும்ப வாங்கி, விரலை வரிவரியாக நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது கொடுத்து மூணு மாசம்கூட ஆகலையேம்மா."

"ஆமா."

"விளக்கு இல்லாம எப்படி அளந்தீங்க?"

மூத்தவள் தங்கையைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த கோபத்துக்கு அடியில் வேறொன்று எட்டிப் பார்த்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டிய வரிகளை அவள் மனதுக்குள் மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"உளறாதடி. விளக்கு கெட்டிருந்தா இந்த எண் எப்படி வரும்? ஒன்று புள்ளி நான்குன்னு அச்சடிச்சிருக்கு. மெஷின் குடுத்ததுதானே? உங்க தலைவர் எழுதச் சொன்னாரா? யார் சொன்னா? சொல்லு, அவரை உண்டு இல்லைன்னு பண்றேன். யாருடி?"

அக்கா ஒரு ஆளைக் கேட்டாள். இளையவளும் இரண்டு நாளாக அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். லேம்ப் வாங்காதவர், கட்டங்கள் போட்ட சங்கம், நான்கு முறை போன் செய்த அக்கா. ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். டேங்க் கையில் அந்தத் தாள் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"மெஷின் குடுக்கலக்கா. யாரும் எழுதச் சொல்லல. மட்டம் பண்றதுக்கு முன்னாடி இருந்த மண்ணோட எண் அது. போன வருஷப் பதிவேட்டைப் பார்த்து நான்தான் டைப் அடிச்சேன். உன் மண்ணுல துத்தநாகத்தை நான் சோதிக்கவே இல்ல."